கடையும் கையைக் காப்போம்

(இந்து இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில், தொழில் பயிலும் இளைஞர்களை முன்னிட்டு நிகழ்த்தப்பெற்ற பேச்சு)





இம்மேடையில் சமயமும் இலக்கியமும் பேசப்படுவதே வழக்கம். மன்றத்தார் எம்மை அழைத்தபொழுது, "நாம் உளி பிடிப்பவர்கள், மரமும் கடைசலுமே எமக்குத் தெரியும்" என்று தயங்கினோம். "அதையே பேசுங்கள். கந்தளாயிலும் அயலிலும் நம் பிள்ளைகள் சிலர் அந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறார்கள்" என்றனர். ஆகவே கடைசலைப் பற்றிப் பேச எழுந்தோம். ஆனால் எப்படி அழகாகக் கடைவது என்று சொல்லப் போவதில்லை. அதனைப் பட்டறையிலேதான் கற்க வேண்டும். கடைகின்ற கையை எப்படிக் காப்பது என்பதொன்றையே சொல்ல விரும்புகிறோம்.

கடைசல் இல்லாத வீடு நம்மிடையே இல்லை எனலாம். கட்டிற்கால், தொட்டிற்கம்பு, மத்து, பம்பரம், படிக்கட்டின் கைப்பிடிக் கம்பு, கோயிற் சப்பறத்தின் குமிழ் ஆகிய யாவும் சுழலும் மரத்தின் மீது உளியை வைத்து உருவாக்கப்பட்டவையே. தமிழ்நாட்டிலே அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகளும், கர்நாடகத்திலே சென்னபட்டணத்து அரக்குப் பொம்மைகளும் கடைசலாற் பெயர் பெற்றவை. இவை எல்லாவற்றினும் நம் நெஞ்சுக்கு நெருங்கியது ஒன்றுண்டு. திருவிழாவிலே சுவாமி வெளிவீதி வரும்பொழுது முன்னே ஒலிக்கின்ற நாதஸ்வரமும் கடைசலிற் பிறந்த கருவியே. தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையிலே, பழைய ஆச்சா மரத்தைத் தேடி எடுத்து, கடைந்து, துளையிட்டு நாதஸ்வரம் செய்கின்றனர். திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை அவர்களின் கையில் முழங்கிய பாரி நாயனம் அவ்வூர் ரங்கநாதன் ஆசாரியின் கைவண்ணமாகும். 2022ஆம் ஆண்டிலே அவ்வூர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாசிப்பவரின் விரல்களை உலகம் போற்றுகிறது, போற்றட்டும். அக்குழலைக் கடைந்தவரின் பத்து விரல்களும் குறையாதிருந்தமையாலன்றோ அந்த நாதம் பிறந்தது!

நம் மாவட்டமும் மரத்திலே குறைந்ததன்று. சிங்கள மக்கள் ஹல்மில்ல என்றும் நம்மவர் சவண்டலை என்றும் வழங்கும் மரத்துக்கு ஆங்கிலேயர் 'திருகோணமலை மரம்' என்றே பெயரிட்டனர். சென்னைக் கரையிலே பேரலைகளுக்கு ஈடுகொடுத்த மசூலாப் படகுகளுக்கென்று இம்மரம் இங்கிருந்து கடல் கடந்து சென்றது. முதிரையும் பாலையும் வேம்பும் நாம் நாளும் காண்பவை. இன்று வெட்டுவதற்குச் சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு. இருப்பினும் பழைய வீட்டு வளைகளும், கதவு நிலைகளும், தச்சுப் பட்டறைகளில் மிஞ்சும் துண்டுகளும் கடைசலுக்கு வருகின்றன. மரத்துக்குப் பஞ்சமில்லை, ஆசை கொண்ட இளைஞருக்கும் பஞ்சமில்லை. பஞ்சமாயிருப்பது நிதானம் ஒன்றே.

அந்நாளைய கடைசலை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுப்பார். மற்றவர் உளி பிடிப்பார். மரம் முன்னும் பின்னுமாக மெல்லச் சுழலும். உளி பிடித்தவர் "ஆ" என்றால் இழுப்பவரின் கை அக்கணமே நின்றுவிடும். ஏனெனில் இழுப்பவருக்குக் கண்ணும் காதும் இரக்கமும் உண்டு. இன்று அவருடைய இடத்திலே மின்மோட்டார் வந்து அமர்ந்திருக்கிறது. அது களைப்பதில்லை, கூலி கேட்பதில்லை. அதற்குக் கண்ணுமில்லை, காதுமில்லை. மரம் எது, விரல் எது என்று அது அறியாது. கயிறு இழுத்தவர் போனபோது அவருடன் சேர்ந்து போனது ஒரு காவல். அந்தக் காவலுக்குப் பதிலாக நாம் எதை வைத்திருக்கிறோம்? இதுவே எமது கேள்வி.

சிறு கணக்கொன்று பார்ப்போம். இரண்டு அங்குலத் தடிப்புள்ள கட்டிற்கால் ஒன்று நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுழல்வதாகக் கொள்ளுங்கள். செக்கனுக்கு 25 சுற்று. ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று கண் கண்டு, மனம் உணர்ந்து, கை விலகுவதற்கு எவருக்கும் ஏறக்குறையக் கால் செக்கன் ஆகும். அந்தக் கால் செக்கனில் மரம் ஆறு சுற்றுச் சுற்றிவிடும். அதில் ஒரு நூல் சிக்கினால் இரண்டு முழத்துக்கு மேல் உள்ளே இழுபட்டிருக்கும். நமது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு முழந்தானே! "சிக்கினால் இழுத்துக்கொள்ளலாம்" என்று எண்ணுபவர் இக்கணக்கை ஒருமுறை மனத்திற் போட்டுப் பார்க்க வேண்டும். எட்டு அங்குல அகலக் கிண்ணமொன்று நிமிடத்துக்கு 1,000 சுற்றுச் சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு 38 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. ஓடுகின்ற லொறியைக் கையால் தடவ நாம் துணிவோமா?

இனி எமது பட்டறையில் நிகழ்ந்ததொன்றைச் சொல்கிறோம். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சொல்லாதிருப்பது அதனினும் பெரிய பிழையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயிற் சப்பறத்துக்குக் குமிழ்கள் கடைந்துகொண்டிருந்தோம். திருவிழா நெருங்கிவிட்டது. எம்மோடு வேலை பழகிய தம்பி ஒருவர் அன்று மாலை கடைசிக் குமிழுக்கு மெழுகு பூசி மினுக்கிக்கொண்டிருந்தார். மினுக்குவதற்குப் பழைய வேட்டித் துண்டு. நழுவாதிருக்க அதனை ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். துண்டின் ஓரத்து நூல் குமிழின் கழுத்திலே சிக்கியது. ஒரு சத்தம் கேட்டது. நாம் ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தியபொழுது எல்லாம் முடிந்திருந்தது. விரலின் மேற்கணு போய்விட்டது; நடுவிரலும் முறிந்திருந்தது. இன்றும் அவர் சட்டைக்குப் பொத்தான் பூட்டும்போது மற்றக் கையைத்தான் முதலிற் கொண்டுபோவார். அதைக் காணும்போதெல்லாம் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

அவருடைய தாயார் ஆஸ்பத்திரி வாசலில் எம்மைக் கண்டு, "என்ன செய்யிறது ஐயா, விதி. ஆரைக் குற்றம் சொல்லுறது?" என்றார். அந்த அம்மாவின் நல்ல மனம் அப்படிச் சொல்ல வைத்தது. ஆனால் எமக்குத் தெரியும், அது விதி அன்று. அது ஒரு பழைய வேட்டித் துண்டு. அதனைக் கிழித்து அவர் கையிற் கொடுத்தவர்கள் நாமே. விரலிற் சுற்றாதே என்று சொல்லாதவர்களும் நாமே. நாமும் பல ஆண்டுகள் அப்படியே செய்து, ஒன்றும் நேராமையால், அதுவே முறை என்று எண்ணியிருந்தோம். ஒன்றும் நேராமை வேறு, ஆபத்தில்லாமை வேறு என்பதை ஒரு பிள்ளையின் விரலைக் கொடுத்துக் கற்றோம்.

அன்று முதல் எமது பட்டறையில் சுழலும் மரத்தருகே துணி வருவதில்லை. மினுக்குவதற்கு எளிதிற் கிழியும் மெல்லிய கடதாசியைச் சிறு துண்டாக மடித்துப் பிடிக்கிறோம். சிக்கினால் கடதாசி கிழியும், விரல் தப்பும். அதனையும் விரலிற் சுற்றுவதில்லை. அரத்தாள் போடும்போதும் இதே விதிதான். அரத்தாள் போடுமுன் உளிதாங்கியைக் கழற்றி அப்பால் வைத்துவிட வேண்டும். தாங்கிக்கும் மரத்துக்கும் இடையே விரல் அகப்பட்டால் எடுக்க வழியில்லை. மரம் மேலிருந்து நம்மை நோக்கி இறங்கிச் சுழல்கிறது. ஆகவே அதன் கீழ்ப்புறத்தே தாளைப் பிடித்தால் மரம் கையை அப்பால் தள்ளும். மேற்புறத்தே பிடித்தால் கையை நம் பக்கமாக, தாங்கி இருந்த இடத்துக்கே இழுத்துவரும்.

துணி என்றதும் வேட்டித் துண்டை மட்டும் எண்ணிவிடாதீர்கள். தோளிற் கிடக்கும் சால்வை, தொங்கும் சட்டைக் கை, சாரத்தின் தலைப்பு, கழுத்துச் சங்கிலி, கைக்கடிகாரம், மோதிரம் அனைத்தும் அவ்வகையே. தங்கையரின் பின்னலும் அப்படியே. 2011ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே அமெரிக்காவின் புகழ் பெற்ற யேல் பல்கலைக்கழகத்தில், இரவு நேரத்தில் தனியே கடைசல் பொறியில் வேலை செய்த மாணவி ஒருவர், தலைமயிர் பொறியிற் சிக்கி உயிரிழந்தார். கல்விக்கோ வசதிக்கோ குறைவில்லாத இடம் அது. அருகே ஓர் ஆள் இருந்திருந்தால், பொறியை நிறுத்த ஒரு கை இருந்திருந்தால் என்று எண்ணாதிருக்க முடியவில்லை. ஆகவே தம்பிமாரே, தங்கைமாரே, தனியே கடையாதீர்கள்; களைத்த பின் கடையாதீர்கள். அவசரத்தில் ஒருபோதும் கடையாதீர்கள்.

இவ்விடத்தில் ஒரு நுட்பமான விடயத்தைத் தொட வேண்டியுள்ளது. குருக்கள் ஐயா அவர்கள் பொறுத்தருள வேண்டும். நம் பிள்ளைகள் மணிக்கட்டிலே கேதாரகௌரி விரதக் காப்பும், நேர்த்திக் கயிறும் கட்டியிருக்கிறார்கள். காப்பென்று கட்டிய நூலே கடைசற் பொறியருகே ஆபத்தாகிவிடக்கூடும். அவிழ்க்கச் சொல்ல எமக்கு வாய் வருவதில்லை. கட்டியபடியே கடைய விடவும் மனம் வருவதில்லை. எமது பட்டறையில் நாம் கண்ட வழி இது: காப்பை முழங்கைக்கு மேலே, இறுக்கமான சட்டைக் கைக்குள் அடங்குமாறு கட்டலாமா என்று கட்டியவரையே பணிவாகக் கேட்கிறோம். ஆகாதென்றால், அது அவிழும் நாள் வரை அந்தப் பிள்ளைக்குச் சுழலும் பொறியில் வேலை இல்லை. உளி தீட்டலாம், மரம் அளந்து குறிக்கலாம், பொறி நின்ற பின் கையால் மினுக்கலாம். விரதமும் கெடவில்லை, விரலும் கெடவில்லை.

"அப்படியாயின் கையுறை போட்டுக்கொண்டால் என்ன?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. கல் உடைக்கவும் முள் வெட்டவும் கையுறை நல்லது. சுழலும் மரத்தருகே அதுவே பகை. வெறும் விரல் மரத்திற் பட்டால் உராயும், வெட்டுப்படும், அநேகமாக விலகிவிடும். கையுறை பட்டாலோ துணி சிக்கி, விரலோடு கையையும் உள்ளே கொண்டு செல்லும். காப்பதுபோலத் தோன்றுவதெல்லாம் காப்பாவதில்லை.

கையுறையை விரும்புவோர்க்கு ஒரு நியாயமும் உண்டு; அதனை மறைக்க மாட்டோம். முதிரை மரத்தின் தூள் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது. கையிலே அரிப்பும் தடிப்பும் உண்டாகும். இது அவரவர் கற்பனையன்று, மருத்துவர்களும் அறிந்ததே. அதற்கு மருந்து கையுறையன்று. வேலை இடையிலும் முடிவிலும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல், தூளை முகத்தில் ஏற்காது மூக்கையும் வாயையும் மூடும் கவசம் அணிதல், தடிப்பு மாறாவிட்டால் அம்மரத்தைக் கைவிட்டு வேறு மரம் கடைதல் என்பனவே வழி. முதிரையின் பொன்னிறம் அழகுதான். அதற்காகத் தோலைக் கொடுக்க வேண்டியதில்லை.

இனிக் கடையும் முறையில் கையைக் காக்கும் சில நியமங்களைச் சொல்கிறோம். பூசைக்கு முன் கைகால் அலம்புவது எப்படி நியமமோ, அப்படியே பொறியை ஓடவிடுமுன் இவையும் நியமமாக வேண்டும்.

முதலாவது, மரத்தைப் பார்த்தல். வெடிப்பு, முடிச்சு, பழைய மரமாயின் உள்ளே புதைந்த ஆணி ஆகியவற்றைத் தேட வேண்டும். பழைய கதவு நிலையிலுள்ள ஆணி உளியையும் கெடுக்கும், கையையும் கெடுக்கும். 

இரண்டாவது, பொறியை ஓடவிடுமுன் மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தல். எங்கும் தட்டாமல் சுழல்கிறதா, மரத்தை இறுக்கும் சாவி கழற்றப்பட்டதா என்று அப்போது தெரியும். முறுக்கிய சாவியை அதிலேயே விட்டுப் பொறியை ஓட்டினால் அது கவண்கல்லாய்ப் பறக்கும். 

மூன்றாவது, உளிதாங்கியை மரத்துக்கு நெருக்கமாக, கால் அங்குலத்துக்கு மேற்படாத இடைவெளியில் வைத்தல். மரம் தேயத் தேய இடைவெளி கூடும். பொறியை முற்றாக நிறுத்திய பின்னரே தாங்கியை நகர்த்த வேண்டும். ஓடும்போது நகர்த்துவது விரலை இடைவெளியில் நாமே வைத்துக் கொடுப்பதாகும். 

நான்காவது, வேகம். அங்குலக் கணக்கில் மரத்தின் அகலத்தை நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது கடைசற்காரரின் பொதுக் கணக்கு. எட்டு அங்குலக் கிண்ணத்துக்கு 750 முதல் 1,100 வரை போதும். கோணல் மரத்துக்கு அதனினும் குறைவாகத் தொடங்குவதே நன்று. 

ஐந்தாவது, உளி முதலில் தாங்கியைத் தொட வேண்டும்; பின்னரே மரத்தைத் தொட வேண்டும். தாங்காத உளியை மரம் பிடித்து அடிக்கும். அந்த அடியில் உளிக்கும் தாங்கிக்கும் இடையே கை நசியும். முன்கை தாங்கிக்கு இப்பாலேயே இருக்க வேண்டும். ஒரு விரலும் தாங்கியைக் கடந்து மரப்பக்கம் எட்டிப் பார்க்கலாகாது. 

ஆறாவது, சதுர மரத்தை உருட்டும்போது தனிக் கவனம். வேகமாய்ச் சுழலும் சதுரத்தின் மூலைகள் கண்ணுக்குத் தெரியா. ஒரு மெல்லிய நிழல் போலவே தோன்றும். அந்த நிழலை வெறும் நிழலென்று எண்ணி விரலை நீட்டியவர் உண்டு. 

ஏழாவது, கூரிய உளி. மழுங்கிய உளியே கையைக் கெடுக்கும். மழுங்கியதை அழுத்த வேண்டும்; அழுத்திய கை வழுக்கினால் எங்கே போய் விழும் என்று சொல்லவியலாது. 

எட்டாவது, பொறியை நிறுத்திய பின் மரம் தானாக ஓயும் வரை காத்திருத்தல். உள்ளங்கையால் பிடித்து நிறுத்துவது வீரமன்று. 

இவ்வளவு காத்தும் ஒருவேளை தவறு நேர்ந்தால் என்ன செய்வது? முதலில் பொறியை நிறுத்துங்கள். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். நம் வீடுகளில் கோப்பித்தூளும் மஞ்சளும் அள்ளி வைக்கிறார்கள். அன்புதான், ஆனால் அது வேண்டாம். வைத்தியர் அதனைக் கழுவி எடுப்பதற்கே நேரம் செல்லும். விரல் துண்டாகிவிட்டால் அத்துண்டைத் தேடி எடுங்கள். சுத்தமான ஈரத்துணியிற் சுற்றி, ஒரு பொலித்தீன் பையிலிட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரலை நேரே ஐஸில் வைத்தால் தசை கெட்டுவிடும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். சிறு காயமென்றாலும் ஏற்புத் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

பட்டறை உரிமையாளருக்கும் ஒரு சொல். நாமும் அவர்களில் ஒருவராகையால் உரிமையோடு சொல்கிறோம். தொழிலிற் காயமுற்றவருக்கு நட்டஈடு வேண்டுமென இந்நாட்டில் 1934ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான பொறிப் பாகங்களுக்குக் காப்பிட வேண்டுமென்கிறது. மோட்டாரின் வார் ஓடும் இடத்துக்கு ஒரு மூடி, கைக்கெட்டும் இடத்தில் நிறுத்தும் பொத்தான், நல்ல வெளிச்சம் ஆகிய மூன்றும் பெருஞ்செலவல்ல. நட்டஈடு பணத்தைத் தரும்; பொத்தான் பூட்டும் விரலைத் தராது.

கந்தளாயிலே பிறந்த நமக்குக் காவலின் அருமையை வேறெவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1986 ஏப்பிரல் 20ஆம் நாள், ஊர் உறங்கும் வேளையில் நமது குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. பரம்பரை பரம்பரையாக நம்மை வாழ்வித்த அதே நீர்தான். நீரும் நல்லது, பொறியும் நல்லது. கட்டுக்குள் நிற்கும் வரையே நல்லது. கட்டைப் பார்க்கும் கடமை ஒருநாளும் ஓய்வதில்லை.

சரசுவதி பூசைக் காலத்தில் உளிக்கும் பொறிக்கும் சந்தனப் பொட்டிட்டு வணங்குகிறோம். அந்த வணக்கம் ஒரு நாளோடு முடியாமல், ஒவ்வொரு நாளும் பொறியை ஓட்டுமுன் ஒரு நிமிடம் நின்று, கையையும் மரத்தையும் தாங்கியையும் பார்க்கும் பழக்கமாக வேண்டும். கயிறு இழுத்தவரோடு போன காவலை அந்த ஒரு நிமிடத்திலேதான் நாம் மீட்க முடியும்.

எமது பட்டறைச் சுவரில் இன்று ஓர் ஆணியிலே அந்தப் பழைய வேட்டித் துண்டு தொங்குகிறது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைக்கு உளியைக் கொடுக்குமுன் அதனைக் காட்டுகிறோம். காட்டிச் சொல்பவர் அந்தத் தம்பியேதான். அவர் இன்று எம்முடனேயே நல்ல கடைசற்காரராக இருக்கிறார். அவர் சொல்லும்போது எந்தப் பிள்ளையும் சிரிப்பதில்லை.

நீங்களும் கடையுங்கள், அழகாகக் கடையுங்கள். மாலையில் வீடு திரும்பும்போது காலையில் கொண்டுபோன பத்து விரல்களையும் உங்கள் தாயாரிடம் கொண்டுவந்து காட்டுங்கள். அதைவிடச் சிறந்த கடைசல் வேலை எதுவுமில்லை.